அனுப்பாமல் அழித்த வரி

லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு புகைப்படம் இல்லை, ஒரு பாட்டு இல்லை, நாலு வருஷம் கல்லூரியில் படித்த பெண் எழுதிய ஒரு வரிகூட இல்லை. மூலையில் குப்பைத்தொட்டியின் படம் மட்டும் இருந்தது. அதுவும் காலி.

"இவ்வளவு சுத்தமா வெச்சிருக்காளே. எங்கம்மா பார்த்தா உடனே மருமகளாக்கிக்குவாங்க," என்றேன்.

ஊனி சிரிக்கவில்லை. "பழசையெல்லாம் அழிச்சுட்டு யாரோ புதுசா ஓஎஸ் போட்டிருக்காங்க, மாருலி. அது யாருன்னு தெரிஞ்சா பொண்ணு எங்கேன்னு தெரியும். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு யோசி."

வாயை மூடினால் எனக்கு யோசனை வராது. இது அவருக்கும் தெரியும்.

ஊனி யுஸ்னிடார் என் முதலாளி. பாதாங் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்தில் அக்காவை ஊனி என்பார்கள். இங்கே சுமத்ராவில், மேடான் நகரத்துப் போலீஸ்காரர்கள் முதல் காப்பிக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஊனிதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீயையும் பொய்த் திருட்டையும் மோப்பம் பிடித்து அலுத்துப்போய், கெசாவானில் ஒரு காப்பிக்கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் மாருலி சிலாபான். உதவியாளன், ஓட்டுநர், திட்டு வாங்க ஓர் ஆள்.

லேப்டாப்பைக் கொண்டுவந்தவன் ஜோங்கி. அன்று காலையில்தான் வந்தான். காணாமல் போன லம்ரியா அவனுடைய மாமன் மகள். எங்கள் பாதாக் மக்களில் மாமன் மகள் என்றால் முறைப்பெண், வேறு விளக்கம் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, கடைசி வருஷ ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தவள். திடீரென்று ஆள் இல்லை, போன் இல்லை. மேஜைமேல் இந்த லேப்டாப் மட்டும், துடைத்துவிட்ட மாதிரி. யாரோ அவளைக் கடத்திவிட்டுத் தடயத்தை அழித்திருக்கிறார்கள் என்றான் ஜோங்கி. அவளுடைய அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாராம்.

"கடைசியா அம்மாவுக்கு ஒரு வரி எழுதினா, இபு," என்று, ஊனியை அம்மா என்று மரியாதையாக அழைத்துச் சொன்னான். "'அம்மா, நான் பத்திரமா இருப்பேன், தேடாதீங்க'ன்னு. பாவம், அதை அனுப்பக்கூட இல்லை. அழிச்சுட்டா." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கியது. ஊனி காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் தெரிந்தது, அவனும் சிலாபான் என்று. இரண்டு பாதாக்காரர்கள் சந்தித்தால் முதலில் குலப்பெயரைக் கேட்போம். குலம் ஒன்றாக இருந்துவிட்டால் முன்பின் தெரியாதவன்கூட அண்ணன் தம்பி ஆகிவிடுவான். அப்பாரா என்று கூப்பிட்டுக்கொள்வோம். "நம்ம சிலாபான் குரூப்ல நீங்க இல்லையா, அப்பாரா? போனைக் கொடுங்க, சேர்த்துவிடறேன்," என்றான். கொடுத்தேன். குலத்தானிடம் போனைக் கொடுக்க யாராவது யோசிப்பார்களா? ஊனி லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் அதில் ஏதேதோ தட்டி, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"இங்க பாரு," என்றார் ஊனி இப்போது. திரைக்கு மேலே கேமராக் கண் இருக்கும் இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரித் துண்டு ஒன்று.

"கேமராவுக்கு அடிபட்டிருக்கும்," என்றேன்.

"யாரோ பார்க்கறாங்கன்னு பயந்தவ ஒட்டினது." அவர் திரையின் கீழ் ஓரத்தில் வைஃபை குறியைத் தட்டினார். "இந்த மெஷினுக்கு பழசு எல்லாம் மறந்து போச்சு. ஆனா புதுசாப் பிறந்த அப்புறம் எங்க கண்ணு முழிச்சதோ அது ஞாபகம் இருக்கும். ஓஎஸ் போட்டதும் நெட் வருதான்னு கடைக்காரங்க சோதிச்சுப் பார்ப்பாங்கல்ல? எந்த வைஃபைல சோதிப்பாங்க?"

"அவங்க கடை வைஃபைல."

லேப்டாப் ஞாபகம் வைத்திருந்தது ஒரே ஒரு வைஃபை பெயர். 'எட்டிப் பார்க்காதே'.

மேடானில் பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்க ஒரே ஒரு கம்ப்யூட்டர் பிளாசாதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மாடிக்கு மாடி தீப்பெட்டி அளவில் கடைகள். சனிக்கிழமை மதியம் என்பதால் மாணவர் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. ஒவ்வொருவன் மார்பிலும் ஒரு லேப்டாப், காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிவந்த மாதிரி. ஊனி தன் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வைஃபைக்குப் பெயர் வைப்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெட்கமே கிடையாது. 'பக்கத்துக் கடைக்காரன் கஞ்சன்' வந்தது. 'கல்யாணம் ஆகாதவன்' வந்தது. 'போலீஸ் வேன்' என்று ஒன்று வந்தபோது நான் நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது மாடி வளைவில் 'எட்டிப் பார்க்காதே' மெலிதாகத் தலைகாட்டியது. பிரிண்டர் கடைப் பக்கம் போனால் மங்கியது, நகரும் படியில் ஏறினால் கூடியது. "அந்தப் பொண்ணு எங்கேயாவது அடைபட்டுக் கிடந்தா ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. வேகமா நட," என்று ஊனி என் முதுகில் தள்ளினார். மூன்றாவது மாடியின் கோடியில், கழிவறைக்குப் போகும் வழியில், குறியின் எல்லாக் கோடுகளும் நிரம்பின. எதிரே 'எர்லினா சர்வீஸ்' என்று பலகை. உள்ளே முக்காடு போட்ட ஒரு பெண் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு லேப்டாப்பின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷம் தாங்காமல் போனை எடுத்தேன். 'அப்பாரா, கண்டுபிடிச்சாச்சு. பிளாசா, மூணாவது மாடி, எர்லினா கடை' என்று தட்டினேன். ஊனியின் கை என் போன்மேல் விழுந்தது.

"யாருக்கு?"

"ஜோங்கிக்குத்தான். பாவம், தவிச்சுக்கிட்டு இருப்பான்."

"இப்ப வேண்டாம். அழி."

அனுப்பும் பொத்தானை இன்னும் தொடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே எழுத்து எழுத்தாக அழித்தேன்.

அவர்தான் எர்லினா; மாணவர்களுக்குக் காக், அதாவது அக்கா. காக் எர்லினா லேப்டாப்பைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கு அது தெரியும் என்று தெரிந்துவிட்டது. வாய் மட்டும் தெரியாது என்றது. தினமும் நூறு மெஷின் வருகிறது, எல்லாம் ஒரே மாதிரி என்றார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். அவளுடைய முறை மாப்பிள்ளை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் உடனே நெற்றி விளக்கை அணைத்தார்.

"அப்ப கடை மூடியாச்சு. கிளம்புங்க."

ஊனி கிளம்பவில்லை. கேமராமேல் இருந்த பிளாஸ்திரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இதை ஒட்டினது நீயா, அவளா? எனக்கு அவளைப் பிடிச்சுக் கொடுக்கறதுல அக்கறை இல்லம்மா. அவ உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லு. மிச்சம் அப்புறம் பார்த்துக்கலாம்."

காக் எர்லினா எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். லம்ரியா தன் காலாலேயே நடந்து வந்தாள். லேப்டாப் மெதுவாக இருக்கிறது, ஃபார்மட் போடுங்கள் என்றாள். காரணம் தேடிப் பார்த்தபோது உள்ளே ஒரு வேவு புரோகிராம் இருந்தது. "அவ தட்டுற ஒவ்வொரு எழுத்தும் வேற யாருக்கோ போய்க்கிட்டு இருந்துச்சு. சொன்னதும் அந்தப் பொண்ணு அழக்கூட இல்ல. 'இப்பப் புரியுது காக், நான் எங்க போனாலும் அவன் எப்படி வாசல்ல நிக்கறான்னு'ன்னு சொன்னா. 'யாரு அவன்'னு கேட்டேன். பேர் சொல்லல. பிளாஸ்திரி கேட்டா, கொடுத்தேன்."

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. பல்கலைக்கழகத்துப் பொறுக்கி எவனோ என்றுதான் நினைத்தேன். ஊனி என் பக்கம் திரும்பினார்.

"ஜோங்கி காலைல என்ன சொன்னான்? அம்மாவுக்கு ஒரு வரி எழுதினா. அப்புறம்?"

"அனுப்பாம அழிச்சுட்டா."

"அனுப்பாத வரி அவனுக்கு எப்படி வந்து சேர்ந்துச்சு, மாருலி?"

அந்த வரியைக் கேட்டு நான் கண் கலங்கியிருந்தேன். கடத்தல் இல்லை, ஒன்றும் இல்லை. லம்ரியா அவனிடமிருந்து தப்பி ஓடியிருக்கிறாள். நாங்கள் அவளை அவனுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம். முறைப்பெண், அப்பாரா என்று நான் உருகியதை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

காக் எர்லினா மேஜை டிராயரிலிருந்து ஒரு சிறிய ஹார்ட் டிஸ்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். இந்த ஊர் மாணவர்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே கொட்டி வைப்பார்களாம். ஃபார்மட் போட்டால் முதலில் போவது அதுதான். "'ஒண்ணும் முக்கியமில்ல காக், அழிச்சுடுங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. மறுநாள் ஆய்வேடு போச்சுன்னு இதே தரையில உக்காந்து அழுவாங்க. அதனால கேக்காமலே ஒரு காப்பி எடுத்து வெச்சுடறது. இந்தக் கட்டடத்துல எல்லாக் கடைக்காரங்களும் செய்யறதுதான்." லம்ரியாவின் காப்பியும் அப்படி எடுத்ததுதான். அதில் அவளுடைய ஆய்வேடு முழுக்க இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. கூடவே அவள் போய்த் தங்கப்போகும் வீட்டுக்கு ஒரு தோழி அனுப்பிய வழி வரைபடமும் இருக்கிறது.

அதே நேரம் கண்ணாடிக் கதவில் யாரோ தட்டினார்கள்.

ஜோங்கி நின்றுகொண்டிருந்தான். கையில் பீகா அம்போன் கேக் பெட்டி, முகத்தில் காலையில் பார்த்த அதே சிரிப்பு. அவனுக்குப் பின்னால் கழுத்து தெரியாத இரண்டு பேர்.

"நான் அனுப்பவே இல்ல, ஊனி," என்றேன் உதட்டை அசைக்காமல். ஊனியின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் கையிலிருந்த போனில் ஒரு கணம் நின்றது.

ஜோங்கி உள்ளே வந்து, கைக்கு வசதியான இடம் பார்த்து, கேக் பெட்டியை மேஜைமேல் வைத்தான். ஹார்ட் டிஸ்க்மேலேயே வைத்தான். சிறு மேஜை, பெரிய பெட்டி. டிஸ்க் முழுக்க மறைந்துவிட்டது. கடை முழுக்க டிஸ்க்குகள், அவன் இதைக் கவனிக்கவே இல்லை.

"இபு இங்க இருப்பீங்கன்னு தோணுச்சு," என்றான். "கடைக்காரங்க காப்பி எடுத்து வெப்பாங்களாமே? என் தம்பிக்கும் அப்படித்தான் கிடைச்சுது. அதை எனக்குக் கொடுத்துடச் சொல்லுங்க."

கழுத்து இல்லாதவர்கள் கதவில் சாய்ந்துகொண்டார்கள். ஊனி அவனைவிடப் பிரியமாகச் சிரித்தார். காப்பி இருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். ஆனால் இந்த லேப்டாப்பில் இப்போது இருக்கும் ஓஎஸ் அரைகுறை, இதில் ஏற்றினால் காப்பியும் கெட்டுவிடும், முதலில் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டால்தான் திறக்கும் என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி ஊனிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார். ஆனால் பொய்த் தீ பார்த்த அனுபவம் வீண் போகவில்லை. காக் எர்லினா ஒரு நொடிகூடத் தடுமாறாமல், "ஆமா, டி டிரைவையும் சேர்த்துத் துடைக்கணும்," என்று பென் டிரைவைச் செருகினார்.

திரை நீலமானது. சக்கரம் சுற்றியது. ஒரு சதவீதம் என்றது.

பழைய லேப்டாப்பில் ஓஎஸ் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து வரை ஓடும், அப்புறம் படுத்துக்கொள்ளும். செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது பதினொன்று என்னும். ஜோங்கி நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மீட்டெடுக்க மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் அதுவும் தன் கண்ணெதிரே அழிந்துகொண்டிருப்பது தெரியாமல், எல்லாம் கிடைக்கப்போகிறது என்று நம்பிக் காத்திருந்தான். அவன் முழங்கை கேக் பெட்டிமேல் இருந்தது.

முப்பதில் அவனுக்குப் பொறுமை போயிற்று. உபசாரத்துக்காகவோ என்னவோ, "சாப்பிடுங்க அப்பாரா," என்று பெட்டியைத் தூக்கப் போனான்.

நான் பாய்ந்தேன். ஒரு கையால் பெட்டியை மேஜையோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் மூடியைப் பிய்த்து, ஒரு பெரிய துண்டை வாயில் திணித்தேன். அடுத்த துண்டையும் எடுத்தேன். கழுத்து இல்லாதவர்களில் ஒருவன் என்னைக் கேவலமாகப் பார்த்தான். பார்க்கட்டும். அறுபது சதவீதம் வரை நிறுத்தாமல் தின்றேன். மேடானிலேயே பெயர் பெற்ற கடையின் கேக், எனக்கு அது ஈரப் பஞ்சு மாதிரி இருந்தது.

நூறு ஆனதும் திரை பளிச்சென்று எழுந்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. காக் எர்லினா கீழே குனிந்து, செத்துப்போன டிஸ்க்குகள் கிடந்த கூடையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். அது டக், டக், டக் என்றது. மறுபடி மாட்டினார். டக், டக்.

"போச்சு," என்றார். "டிஸ்க் செத்துப் போச்சு. எதுவும் எடுக்க முடியாது."

ஜோங்கி மெதுவாக எழுந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை. அந்த இரண்டு பெண்களையும் அவன் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"அப்பாரா. நம்ம குலத்துமேல சத்தியமாச் சொல்லு. இந்தப் பொம்பளைங்க என்னை ஏமாத்தறாங்களா?"

என் அப்பா கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. குலத்தின்மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனால் எங்களுக்கு இன்னொரு முறையும் உண்டு. நமக்குப் பெண் கொடுக்கும் வீட்டார் முன்னால் கைகூப்பி நிற்க வேண்டும். அவன் சிலாபான் என்றால் நானும் சிலாபான். லம்ரியாவின் வீடு அவனுக்குப் பெண் கொடுக்கும் வீடு என்றால் எனக்கும் அப்படித்தான். அவனுக்குக் கடமைப்படுவதற்கு முன்னால் நான் அவளுக்குக் கடமைப்பட்டவன்.

"சத்தியமா இல்ல, அப்பாரா," என்றேன். "டிஸ்க் செத்துப் போச்சு. எனக்கும் வயிறு எரியுது."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். அப்புறம் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேக் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினான்.

"அதை விட்டுட்டுப் போங்களேன்," என்றேன். "இன்னும் பசிக்குது."

குலத்தான் பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டால் சோற்றை எடுத்துக்கொண்டு போக எந்த பாதாக்காரனாலும் முடியாது. ஜோங்கி தரையில் துப்பாத குறையாக என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனான். கழுத்து இல்லாதவர்களும் போனார்கள். நான் பெட்டிமேல் இருந்த கையை எடுக்கவில்லை.

காக் எர்லினா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஊனி விரலை உதட்டில் வைத்து என் போனைச் சுட்டினார். என் காதருகே வந்து, "நீ அனுப்பல. ஆனா தட்டினே. அவன் காலைல குரூப்ல சேர்க்கறேன்னு இதை வாங்கினான்," என்றார்.

லம்ரியாவின் லேப்டாப்பில் இருந்த அதே வேவு இப்போது என் போனிலும் இருந்தது. சீ என்று போனைத் தூக்கி எறியப் போனேன். ஊனி கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு மெசேஜ் எழுது. லம்ரியா சிபோல்கா துறைமுகத்துல இருக்கா, நாளைக் காலைக் கப்பல்னு எழுது."

எழுதினேன்.

"அனுப்பாதே. இப்ப அழி."

எழுத்து எழுத்தாக அழித்தேன். மூவரும் வெளியே வந்து கைப்பிடிச் சுவரோரமாக எட்டிப் பார்த்தோம். கீழே, பழச்சாறு விற்கும் இடத்தில், ஜோங்கி நின்றிருந்தான். போனை எடுத்துப் பார்த்தான். ஒரு கணம் அசையாமல் நின்றான். அப்புறம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கழுத்து இல்லாதவர்கள் பின்னால் ஓடினார்கள். சிபோல்காவுக்கு மலை வளைவுகளில் விடிய விடியப் போக வேண்டும், அந்தப் பாதையில் நான் ஒருதடவை வாந்தி எடுத்திருக்கிறேன். அவனுக்கும் அப்படியே ஆகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

கடைக்குள் திரும்பியதும் ஊனி பெட்டியைத் தூக்கி, டிஸ்க்மேல் சிந்தியிருந்த கேக் துணுக்குகளைத் தட்டினார். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லம்ரியா வந்து கேட்டால் அவள் கையில் மட்டும் கொடு என்று காக் எர்லினாவிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் என் போனை வாங்கி அவரிடம் நீட்டினார். "இதுக்குள்ள இருக்கற வேவுக்காரனைப் போலீஸுக்குக் காட்டணும், தனியா எடுத்து வெச்சுக்கோ. மிச்சத்தைத் துடைச்சுட்டுப் புதுசா போட்டுடு."

காக் எர்லினா நெற்றி விளக்கை மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "போட்டோ, நம்பர் எல்லாம் போயிடும். ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் முக்கியமில்ல காக்," என்றேன். "அழிச்சுடுங்க."

அவர் டிராயரைத் திறந்து இன்னொரு டிஸ்கை எடுத்தார்.